டேனியல் துடைத்த சிப்

ஞாயிறு காலை 7.10. ஹைதராபாத் கச்சிபௌலியில் என் மனைவி லீலாவின் ஆய்வகம். மைக்ராஸ்கோப் திரையில் நான் முதலில் பார்த்தது... ஜவ்வரிசி. ஊறிய ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாக செல்கள் மிதந்துகொண்டிருந்தன.

"போச்சு" என்றாள் லீலா.

செல்களுக்குத் தினமும் ஊட்டம் மாற்ற வேண்டும். அவற்றுக்கு ஞாயிறு தெரியாது. எனவே சர்ச்சுக்கு முன்னால் செகந்திராபாத்திலிருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டுவது என் வேலை.

இவை ஒரு நோயாளியின் தோல் செல்கள். எந்த மருந்து அந்த அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளும் என்று நகத்தளவு சிப்பில் வளர்த்துப் பார்க்கிறார்கள். இதுதான் கடைசிக் குப்பி. மறுபடி அவரிடம் போய், இன்னொரு துண்டு தோல் கேட்பதா?

சிப், சிலிகான் ரப்பர். வெறும் ரப்பரில் செல் ஒட்டாது; ஒட்டாவிட்டால் உருண்டு, மிதந்து, சாகும். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமையே அதன் மேல் புரதம் பூசிவைத்தாள். சனி மதியம் செல்களை விட்டாள். பிறகு ஏன் இப்படி?

சிப் செய்துகொடுத்த இன்ஜினீயர் டேனியலுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, சிப்பை யாராவது தொட்டார்களா என்று கேட்டாள்.

"ஹவ்க்கா, ஆமா, நேத்து காலைல நான்தான் தொடச்சேன். மேல மங்கலா ஏதோ படிஞ்சிருந்துச்சு."

"கைக்கு, ஏன்டா தொடச்சே? மூடியில மார்க்கர்ல எழுதியிருந்தேனே, கை வைக்காதேன்னு!"

"அதையும் தொடச்சேன்க்கா. ஸ்பிரிட் பட்டா மார்க்கர் போயிடும்."

"அது அழுக்கில்லடா! செல்லு கால் ஊன்றதுக்குப் போட்ட பூச்சு!"

"பளபளன்னு ஆயிடுச்சேக்கா..."

வேலை தெரியாதவர் என்று திட்டவும் முடியாது – அதுதான் எரிச்சல். ஒரு தூசி விழுந்தால் சிப்பே வீண் என்ற அறையில் வேலை செய்கிறவர். துடைத்துத் துடைத்தே பழகிய கை. ஒருவர் பாடுபட்டுப் படியவைத்ததை, இன்னொருவர் நல்லெண்ணத்தோடு தேய்த்துக் கழுவினால் யாரிடம் புகார் சொல்வது?

போன மாதம், நன்றாகப் பழகிய தோசைக்கல்லைச் சோப்பு போட்டுத் தேய்த்தவன் நான்.

"எப்படிப் பிடிச்சுத் தொடச்சே?" என்றாள் லீலா திடீரென்று.

"இடுக்கியாலதான். ஒரு மூலையைப் பிடிச்சுக்கிட்டு."

"எந்த மூலை?"

"நம்பர் போட்ட மூலைக்கா."

"கொஞ்சம் பிழைச்சிருந்தாக்கூட வளர்த்துடுவேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே சிப்பை நகர்த்தினாள். நம்பர் போட்ட மூலை திரைக்கு வந்தது.

இடுக்கி பிடித்ததால் துடைப்பு படாத அங்கே செல்கள் தட்டையாக, ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணினோம். நாற்பத்தொன்று.