எமோரியர் பாடம்

எமோரியரைப் பற்றி நான் படித்தது நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த பலெர்மோ நகரத்தில், நாலாம் வகுப்பில். சரித்திரப் புத்தகத்தில் அவர்களுக்கு அரைப் பக்கம்தான் கொடுத்திருந்தார்கள். மேற்கே வறண்ட வெளிகளிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். நகரத்துச் சுமேரியருக்கு அவர்களைக் கண்ணில் காட்டக் கூடாது. வீடில்லாதவர்கள், இறைச்சியைப் பச்சையாகத் தின்கிறவர்கள், செத்தால் புதைக்கவும் தெரியாதவர்கள் என்று எழுதி வைத்தார்கள். அவர்கள் உள்ளே வராமலிருக்க நீண்ட மதில் ஒன்றையும் கட்டினார்கள். ஆனாலும் எமோரியர் வந்துகொண்டேயிருந்தார்கள். கூலி வேலை செய்தார்கள், படையில் சேர்ந்தார்கள், கடைசியில் பாபிலோனுக்கே அரசர்களானார்கள். ஆசிரியை இதை வாசித்தபோது இரண்டு மூன்று பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது பச்சை இறைச்சி வந்த இடத்தில். அரசர்களுக்காகத்தான் பார்க்கிறார்கள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

புத்தகத்தில் இல்லாத சிலவற்றையும் ஆசிரியை, எங்கள் மயெஸ்த்ரா, சொன்னார். எமோரியரின் மொழியில் இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள்தானாம். சுமேரியர் சொன்னதுபோலில்லாமல், அவர்கள் தங்கள் ஆட்களை வீட்டுத் தரைக்குக் கீழேயே புதைத்தார்களாம். மாதந்தோறும் ரொட்டியும் தண்ணீரும் வைத்து, இறந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்து உண்ணச் சொல்வார்களாம். போரில் விழுந்தவர்களையும், கூப்பிட ஆளில்லாதவர்களையும் விடமாட்டார்களாம். போர் என்றதும் எனக்கு அப்பாவின் நினைவு வந்துவிட்டது. இறந்தவர்கள் என்ற சொல் என் காதில் ஏறவேயில்லை.

வன்னியில் போர் முடிந்து அப்போது ஐந்து வருடம். அப்பா ஏதோ ஒரு முகாமில் இருக்கிறார், ஒருநாள் வருவார் என்று அம்மா சொல்லியிருந்தார். கடைசி நாட்களில் அப்பாவுடன் இருந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சனத்துக்குள் அத்தானைத் தவறவிட்டுவிட்டேன் என்பது மாமா சொன்ன கதை. நாங்கள் மூவரும் வுச்சீரியா சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். அம்மா லிபெர்த்தா தெருவில் வயதான ஒரு சின்யோராவைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார். மாமா மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். குளிர்காலத்தில் அந்த உணவகம் பூட்டியிருக்கும் என்பதால் அவர் வீட்டில் இருந்தார்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தரையில் ரொட்டிக்குப் பதிலாக ஒரு துண்டுப் பாணும் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மாமா உள்ளறையிலிருந்து எழும்பி வந்தார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"அப்பாவைக் கூப்பிடுறன் மாமா. எமோரியர் இப்பிடித்தான் கூப்பிடுறவை. போரிலை விழுந்த ஆக்களுக்கும் கேக்குமாம். மயெஸ்த்ரா சொன்னவ."

மாமா பாணையும் கிளாஸையும் பார்த்தார். பிறகு மெல்ல என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பெரியவர் ஒருவர் விளையாட்டுக்கு வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். கிளாஸை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தேன்.

"அத்தான்," என்றார் மாமா. "வாங்கோ அத்தான். தண்ணி குடியுங்கோ. அண்டைக்குத் தண்ணி, தண்ணி எண்டு கேட்டனீங்கள். என்னட்டை இருக்கேல்லை."

வியாழக்கிழமைகளில் அம்மாவுக்கு அரைநாள்தான் வேலை என்பதை இருவருமே மறந்துவிட்டோம். மரக்கறிப் பையோடு அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆரோடை கதைக்கிறாய் தம்பி?"

மாமா திரும்பினார். அம்மா பையை இறக்கி வைக்காமலே மறுபடி கேட்டார்.

"அவரை மண்ணுக்கை தாட்டனியோ?"

"இல்லை அக்கா. ஷெல் அடிச்சுக்கொண்டே இருந்தாங்கள். சாரத்தாலை மூடிப்போட்டு ஓடிவந்திட்டன்." மாமா தரையிலிருந்து எழும்பவில்லை. "சொல்லியிருந்தா நீ அங்கையே செத்திருப்பாய். பிள்ளையை ஆர் பாக்கிறது?"

அம்மா கத்தவில்லை. உள்ளே போய் அலமாரியைத் திறந்து மூன்று புதுச் சட்டைகளை எடுத்துவந்து மாமாவின் முன்னால் போட்டார். இந்த ஊருக்கு வந்தபின் அப்பாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சந்தையில் வாங்கி, உறை பிரிக்காமல் வைத்திருந்தவை.

"அளவு சரியோ எண்டு உன்ரை நெஞ்சிலை வைச்செல்லே பாத்தனான். பேசாமல் நிண்டனீயேடா."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பை சரிந்து தக்காளிகள் உருண்டு, கிளாஸில் இடித்து, தண்ணீர் தரையில் கிடந்த என் பள்ளிக்கூடக் கொப்பியெல்லாம் பரவியது. அம்மா அழுவதைப் பார்த்துப் பயந்து, நான் பாணை எடுத்து ஊதித் துடைத்து மேசையில் வைத்தேன்.

சனிக்கிழமை மாமா வடக்கே உள்ள நகரங்களுக்கு வேலை தேடிப் புறப்பட்டார். இரண்டு நாளும் அம்மா அவருக்குச் சோறு போட்டார்; ஒரு சொல்கூடக் கதைக்கவில்லை. நான் படியில் ஓடிப்போய் மாமாவின் பையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் இனி ஆரையும் கூப்பிட மாட்டன் மாமா. போகாதேங்கோ."

"நீ ஒரு பிழையும் செய்யேல்லை," என்று என் கையை மெதுவாக விடுவித்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அப்பா ஐந்து வருடத்துக்கு முன்பே இறந்திருந்தாலும் அம்மாவுக்கு அவர் இறந்தது அந்த வியாழக்கிழமைதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. பாணைத் தரையில் வைத்ததற்காக ஒரு மனுசரை வீட்டை விட்டு அனுப்புவார்களா என்று அம்மாவோடு கோபித்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமை முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன்.