முள்தலைப் புழுவும் பெரியக்காவும்

மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்ததும் பெரியக்கா அதை உடனே வாளியில் போடமாட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருவுவார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஜபம் பண்ணுகிறார் என்றே நினைப்பார்கள். குடலின் மேல் குருணை போல ஒரு முடிச்சு விரலில் தட்டினால் கண் திறக்கும்.

"வந்துட்டாரு மாப்பிள்ளை" என்பார்.

அந்த இடத்தைக் கத்தி நுனியால் பிளந்தால், உள்ளே மஞ்சளாக, சுருக்கம் விழுந்து, நகத்தளவு ஒரு புழு தொங்கும். தலை முழுக்க முள். அந்தத் தலையைக் குடல் சதையில் குத்தி வைத்துக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்தும். பிடித்து இழுத்தால் உடம்பு பிய்ந்து வரும், தலை வராது. "வீட்டோட மாப்பிள்ளைன்னா இப்படில்ல இருக்கணும்! கழுத்தப் பிடிச்சுத் தள்ளினா கழுத்து மட்டுந்தான் வெளிய போகுது" என்று பெரியக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்காது.

நாங்கள் வேலை செய்வது குளக்கரையில் தகரம் போட்ட ஒரு கொட்டகையில். குளம் பெரியக்காவின் தம்பியுடையது. பிடிக்கிற மீனை அங்கேயே சுத்தம் செய்து ஐஸ் போட்டுக் கடைகளுக்கு அனுப்புவார்கள். நான் செதில் சீவுவேன், அவர் குடல் எடுப்பார். கணவர் போன பிறகு தம்பியிடம் வந்தவர். பிள்ளை குட்டி கிடையாது. கொட்டகைக்குப் பின்னால் வலை வைக்கும் அறையில் ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, சுவரில் ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் அவர் வீடு. கண்ணாடியில் பாதி ரசம் போய்விட்டது. "மீதிப் பாதி முகம் எனக்கே தெரியும்" என்பார்.

மீன் சாப்பிடமாட்டார். ஏன் என்று கேட்டால், "தெரிஞ்சவங்களை எப்படிம்மா சாப்பிடறது?" என்பார். சோற்றுப் பருக்கை ஒன்று கீழே விழுந்தாலும் எடுத்து எறும்புக்கு வைப்பார். எதையும் வீணாக்குவது அவருக்குப் பாவம்.

அந்த நல்ல குணமே வினையாக முடிந்தது. எடுத்த குடலை எல்லாம் குழி தோண்டிப் புதைப்பதுதான் வழக்கம். பெரியக்கா வந்த பிறகு, "பசிச்ச வாய் இத்தனை இருக்கும்போது மண்ணுக்கா கொடுக்கறது?" என்று வாளியோடு குளத்தில் கொட்ட ஆரம்பித்தார். மீன்களும் அள்ளி அள்ளித் தின்றன. தீவனச் செலவு குறைந்தது என்று தம்பிக்கும் சந்தோஷம். வருஷக்கணக்கில் அப்படியே நடந்தது.

போன மழைக்குப் பிறகு மீன்கள் இளைத்தன. தலை பெரிதாக, உடம்பு குச்சியாக வலையில் வந்தன. மீன் டாக்டர் வந்து நாலைந்தை அறுத்துப் பார்த்தார். புழுவுக்கு ஒரு நீளமான பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. புழுவின் முட்டை தண்ணீரில் கலக்குமாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தண்ணீர்ப் பூச்சி அதைத் தின்னுமாம். பூச்சியை மீன் தின்னுமாம். இந்தப் புழுவுக்கு வாயே கிடையாது, உடம்பு முழுக்க உறிஞ்சியே பிழைக்கும் என்றும் சொன்னார்.

"வாயில்லா ஜீவன்னு மாட்டைப் போய்ச் சொல்றோமே" என்றார் பெரியக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. "குடலைத் தண்ணியில போடறது யாரு?" என்று கேட்டார்.

தம்பி மனைவிதான் கடைசியில் வாயைத் திறந்தார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. எங்க அண்ணி குளத்துல அள்ளிப் போட்டாங்க."

"விடு" என்றார் தம்பி.

மருந்து கலந்த தீவனம் கொடுத்துப் பார்ப்பது, அதற்கும் புழு போகவில்லை என்றால் குளத்தை வடித்து, சுண்ணாம்பு போட்டு, சேறு வெடிக்கும்வரை காயவிடுவது என்று முடிவானது. காயப்போட்டால் அந்த வருஷம் பிழைப்பு இல்லை. தம்பி குடும்பம் கொட்டகையைப் பூட்டிவிட்டு மாமனார் வீட்டுக்குப் போய்விடும். "அங்க எங்களுக்கே கால் நீட்ட இடமில்ல அண்ணி" என்று தம்பி மனைவி தரையைப் பார்த்துச் சொன்னார். அதில் பொய் இல்லை. பெரியக்காவுக்குப் போக இடம் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து குடல் மறுபடியும் குழிக்கே போனது. மருந்துக்குப் புழு போனதா இல்லையா என்று விரலால் பார்த்துச் சொல்கிறவர் பெரியக்கா ஒருவர்தான். கண்ணை மூடிக்கொண்டு வாளியில் போட்டுவிட்டால் கேட்பாரில்லை. மனசு கேட்காமல் நானே ஒரு நாள் சொல்லிவிட்டேன்: "அக்கா, இல்லைன்னுதான் சொல்லிடுங்களேன். மத்ததை ஆண்டவன் பாத்துப்பான்."

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றது அதோட பொழப்பு" என்று பிளந்த குடலைக் காட்டினார். "எனக்கெதுக்கும்மா அது?"

மருந்து போட்ட பிறகு சில நாள் எதுவும் தட்டவில்லை. தம்பி மனைவி அவரே தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் தினமும் விளக்கின் முன் நின்று, "அந்த விரலில் ஒன்றும் தட்டாமல் இருக்கட்டும் சாமி" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியது போதவில்லையோ என்னவோ.

நேற்றுக் காலை, முதல் மீனிலேயே விரல் நின்றது. அடுத்த மீனிலும் நின்றது. அதற்கடுத்ததிலும்.

"என்னக்கா?" என்றார் தராசருகில் நின்ற தம்பி.

"போகல தம்பி."

அவர் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியக்கா கையைக் கழுவினார். சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, மதகுப் பக்கம் தண்ணீரில் இறங்கினார்.

"ஏறி வாக்கா, மதகுப் பலகையை நான் எடுக்கறேன்."

"உனக்கு மனசு வராதுடா."

பாசி பிடித்த பலகையை ஆட்டி ஆட்டி மேலே இழுத்தார். தண்ணீர் சத்தத்தோடு வெளியே பாய்ந்தது. தீவனம் கிடைக்கும் என்று நினைத்தனவோ என்னவோ, இளைத்த மீன்கள் அவர் காலைச் சுற்றி மொய்த்தன. ஒரு கையால் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மதகு வாயை முட்டும் மீன்களை ஒவ்வொன்றாக, பால் குடிக்கும் பிள்ளையை விலக்குவது போல, உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்.