புண் இல்லாத ரத்தம்

தேவானந்தத்துக்கு எதைக் கண்டாலும் குமட்டும். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றம் தாளாமல்தான் லேப் டெக்னீசியன் படித்து வேலூருக்கு ஓடினார். அங்கே ஒரு தனியார் லேபில் இருபது வருடம் ஊராரின் மலத்தையும் சளியையும் குப்பியில் வாங்கி வைத்தார். இதற்குப் பெயர் முன்னேற்றம் என்பாள் மனைவி ஜெயசீலி, சிரிக்காமல் சொல்வாள்.

2003இல் அவரை அல்சைமர் ஆய்வு ஒன்றுக்கு மாற்றினார்கள். மூளை தேயும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தி பதறுகிறதா, அந்தப் பதற்றம் ரத்தத்தில் தெரிகிறதா என்பது கேள்வி. அழற்சியைக் காட்டும் சில புரதங்களை அளக்க வேண்டும். உடம்பில் வேறெங்கும் புண் இருக்கக் கூடாது. புண்ணுக்கும் அதே புரதங்கள் ஏறும். நியாயமான நிபந்தனைதான். அதைத் தோல் தொழிலாளிகளிடம் போய்க் கேட்டதுதான் கூத்து.

ஆம்பூரிலிருந்து சுகரா பேகம் கணவர் நயீம் அகமதை அழைத்து வந்தார். முப்பது வருடம் டேனரியில், காலைப் புண்ணாக்கும் குரோம் தண்ணீரில் நின்றவர் நயீம். இப்போது மனைவியையே யாரென்று கேட்கிறார். ஆய்வில் சேர்ந்தால்தான் மாத்திரை இலவசம். வெளியே வாங்க வழியில்லை.

ஊசியை எடுத்தபோது அத்தர் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது. தேவானந்தம் குனிந்து நயீமின் காலுறையை இறக்கினார். கணுக்காலில் ரூபாய்க் காசு அகலப் புண், நடுவில் மஞ்சள் சீழ்.

"இன்னாம்மா இது?"

"பழசு தம்பி. எட்டு வருசமா கீது. ஒண்ணும் பண்ணாது."

"பழசுன்னு ரத்தத்துக்குத் தெரியுமா?"

"பாக்கலைன்னு எழுதிடுங்க."

"பாத்துட்டனே."

"அத்தர் கம்மியாப் பூசிட்டேன்" என்றார் சுகரா, தன்னையே நொந்துகொண்டு.

தேவானந்தம் படிவத்தில் 'புண் உண்டு' என்று எழுதினார். ஆய்வை நடத்தும் டாக்டர் படித்தார். "ஆறினா வரச் சொல்லுங்க. ஆறு வாரத்துல சேர்க்கையை முடிச்சிடுவோம். இனிமே ஆம்பூரை விட்டுட்டு காவேரிப்பாக்கம் பக்கம் பாருங்க, தேவானந்தம். அங்க டேனரி இல்ல, ஆளுங்க சுத்தம்."

அன்று வந்த குமட்டலுக்குப் புண் காரணமில்லை.

ஞாயிறு, சர்ச் முடிந்ததும், நயீமின் புண்ணைக் கழுவ உப்புத் தண்ணீரும் பஞ்சுமாக ஆம்பூர் பஸ் ஏறினார். முதல் வாரம் பாதியில் எழுந்துபோய்ச் சாக்கடையோரம் வாந்தியெடுத்துவிட்டு வந்து மிச்சத்தைத் துடைத்தார். பிந்திய வாரங்களில் துடைத்துவிட்டு வாந்தியெடுத்தார். ஆறாவது வாரம் புண் மிளகளவுக்குச் சுருங்கியிருந்தது, ஆனால் கசிந்தது. மறுபடியும் 'புண் உண்டு' என்றே எழுதினார். நயீம் இல்லாமலே சேர்க்கை முடிந்தது.

ஏழாவது ஞாயிறும் போனார். சுகராவுக்கு அவர் மேல் கோபம் ஆறவில்லை. ஆனாலும் முக்காலியை எடுத்துப் போட்டார்.

"இனிமே எதுக்கு வர்றீங்க? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பேஜாரா கீதுன்னு. மூக்கையாவது பொத்திக்கோங்க."

"கால் பிடிக்க ஒரு கை, துடைக்க ஒரு கை. மூணாவது கைக்கு எங்கம்மா போவேன்?"