ஸ்டேஷன் சீல் வைத்த அனுமதி

காலையில் சுற்றுலா வந்தவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் குலுங்குவேன். சாயங்காலம் எங்காவது ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டி டிஜே போடுவேன். பல வருஷம் இதுதான் என் பிழைப்பு. மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் மாதா கோயில் திருவிழாவோ கல்யாணமோ எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேறு ஆள் கிடைக்காமல் கூப்பிடுகிறார்கள் என்பது என் அம்மாவின் கருத்து.

ஒவ்வொரு திருவிழா முடிந்ததும் அன்றைக்குப் போட்ட மிக்ஸைக் கூட்டத்தின் சத்தத்தோடு ஆன்லைனில் என் சேனலில் ஏற்றிவிடுவேன். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் இன்னொன்றின் தாளத்தை நுழைத்து, ஆடுகிறவன் கால் தடுமாறாமல் அடுத்ததற்குக் கொண்டுபோகவேண்டும். பாட்டு எதுவும் என்னுடையது இல்லை. அந்த இணைப்பு மட்டும் என்னுடையது. திருப்பூருக்கும் கல்ஃபுக்கும் வேலைக்குப் போன எஸ்டேட் பிள்ளைகள் கேட்டுவிட்டுக் கீழே நாலு வரி எழுதுவார்கள். அதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும், மறைப்பானேன்.

அந்த வருஷம் அம்மாவுக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு. நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடு தேயிலைக் கம்பெனியுடையது. அம்மா நின்றுவிட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டும். இல்லையென்றால் அவளுக்குப் பதில் நான் கம்பெனியின் ஃபேக்டரியில் சேரவேண்டும். ஃபேக்டரி ஷிஃப்டில் மாட்டிக்கொண்டால் டிஜேயை மறந்துவிடவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து டவுனுக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் வாரக்கடைசிகளுக்கு நிரந்தரமாக டிஜே தேடினார்கள். அது கிடைத்தால் டவுனில் ஒரு வாடகை வீடு பிடித்துவிடலாம். "உங்க சேனல் லிங்க்கை அனுப்புங்க, முதலாளி கேட்டுட்டுச் சொல்லுவார்" என்றார் மேனேஜர். அனுப்பிவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபோனில் வந்தது வேறு. என் மிக்ஸ்களில் தங்கள் பாட்டுகள் இருப்பதாகவும், அவற்றில் வரும் விளம்பர வருமானம் இனித் தங்களுக்கே என்றும் சில இசைக் கம்பெனிகளிடமிருந்து அறிவிப்புகள். மிக்ஸ்கள் எங்கும் போகவில்லை. அவைபாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தன. நான் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அனுமதி இல்லாமல் பயன்படுத்தியிருக்கிறேன் என்று ஒரு வரி இருந்தது. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நானா அனுமதி இல்லாமல் போடுகிறவன்?

எங்கள் பக்கம் பாக்ஸ் கட்டவேண்டுமானால் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். மனு எழுதி, கால்கடுக்க நின்று, மைக் அனுமதி வாங்கவேண்டும். மலையாளத்தில் அடித்து சீல் வைத்த அந்தக் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கன்சோல் பக்கத்திலேயே வைத்திருப்பேன். யாராவது வந்து "யாரைக் கேட்டுப் போட்றீங்க?" என்று எகிறினால் எடுத்து நீட்டுவேன். ஆள் அடங்கிப் போய்விடுவான். அது செல்லுபடியாகாத இடத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஆகவே அறிவிப்பு ஒவ்வொன்றையும் எதிர்த்தேன். ஆதாரம் கேட்ட இடத்தில், அந்தந்தத் திருவிழாவின் மைக் அனுமதியைப் படம் எடுத்து வைத்தேன். அவர்கள் நிராகரித்தார்கள். நான் விடாமல் மறுபடி மேல்முறையீடு செய்தேன். இந்த முறை அவர்கள் மிக்ஸ்களையே நீக்கச் சொல்லிவிட்டார்கள். நீக்கிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை சேர்ந்தால் சேனலே போய்விடும் என்பது விதி. மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

காகிதங்களை எடுத்துக்கொண்டு தேவிகுளம் கோர்ட்டுக்கு ஓடினேன். எங்கள் எஸ்டேட்டிலிருந்தே படித்து வக்கீலான பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணே, இது பாக்ஸ் வைக்கிறதுக்கு போலீஸ் குடுத்தது. பாட்டு போலீஸோடதா?"

நான் சீல் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"கோயில்ல, கல்யாணத்துல போட்டுக்கிறதுக்குச் சட்டமே கொஞ்சம் வழி விட்டிருக்கு. அதையே பதிவு பண்ணி நெட்ல ஏத்துனா அந்தச் சலுகை கூடவே வராது. பாட்டு எழுதுனவங்க, மெட்டுப் போட்டவங்க, பதிவு பண்ணுன கம்பெனி, எல்லாரோட உரிமையும் அதுல இருக்கு."

"அவங்களை எல்லாம் நான் எங்கம்மா போயித் தேட?"

"அதுதான் கஷ்டம். நீங்க சும்மா இருந்திருந்தா விளம்பரக் காசை மட்டும் எடுத்துக்கிட்டு விட்ருப்பாங்க. வலியப் போயி மல்லுக்கு நின்னுருக்கீங்களே."

சேனல் போனது. ரிசார்ட் மேனேஜருக்கு ஃபோன் செய்தேன். லிங்க்கைத் தொட்டால் ஒன்றும் வரவில்லை என்று முதலாளி சொல்லிவிட்டாராம், வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். அம்மா ஓய்வு பெற்ற மாதமே நான் ஃபேக்டரியில் சேர்ந்தேன். வீடு தங்கியது.

கொழுந்து வாட்டும் மாடியில் எனக்கு வேலை. ஈரக் கொழுந்தை அள்ளிப் பரப்பிப் பரப்பி இடுப்பு விட்டுப்போகும். ஒருநாள் டீ குடிக்கும் நேரத்தில் உடன் வேலை பார்க்கும் ஒருவர் ஃபோனில் பாட்டுப் போட்டார். குரல்கள் கொஞ்சம் கீச்சென்று இருந்தன. ஆனால் இரண்டாவது பாட்டு வந்து விழுந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்து, அன்றைக்குத் திருவிழாவில் கரண்ட் போய் வந்ததில் ஒரு பாட்டு பிந்தி விழ, கூட்டம் ஓவென்று கத்தியது. அது எங்கள் கூட்டம். அது என் மிக்ஸ்.

"எவனோ சென்னைப் பையன் போட்டது. சூப்பரா இருக்குல்ல?" என்றார் அவர்.

யாரோ எப்போதோ இறக்கி வைத்து, இசைக் கம்பெனிகளின் கணினி கண்டுபிடிக்காதபடி வேகத்தைச் சற்றுக் கூட்டி, தன் பெயரில் ஏற்றியிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் புகார் செய்யும் பக்கத்தைத் திறந்தேன். இந்தப் படைப்பின் உரிமையாளர் நீங்கள்தானா என்று அது கேட்டது. விரல் அங்கேயே நின்றது.

"நீ போட்டதுதானய்யா? ஆமான்னு அமுக்க வேண்டியதுதான?" என்றாள் அம்மா.

"அமுக்குனா அதுவும் போயிரும்மா. அப்புறம் ஒருத்தரும் கேக்க முடியாது."

 அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் புகார்ப் பக்கத்தை மூடிவிட்டு மிக்ஸின் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். கல்ஃபிலிருந்து ஒருவன் கேட்டிருந்தான், "எங்க எஸ்டேட் திருவிழால கேட்ட மாதிரியே இருக்கு. இது யார் பண்ணுனது?" அதற்கு அந்தப் பையன் பதில் போட்டிருந்தான், "நான்தான் ப்ரோ." பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயம்.

அவன்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. மிக்ஸுக்கு ஒரு லைக் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.