நான் சொல்லாமல் விட்ட ஒரு வரி

எண்பதுகளின் நடுவில் அண்ணை லண்டனுக்கு வந்து, இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு மாடியறையில் தங்கினார். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் இங்கே ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் கல்லாவில் நின்றார். ஆங்கிலப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிப்பார். ஆனால் இந்த ஊர்க்காரர் பேசும் வேகம் அவருடைய காதில் ஏறாது. அதனால் கவுன்சில், டாக்டர் என்று எங்கே போனாலும் நானும் கூடப் போவேன். எனக்கு அது சுமையாகத் தெரியவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கண்ணாடிக்கடையில் ஒவ்வொரு வருடமும் கண்ணில் காற்று ஊதி அழுத்தம் பார்ப்பார்கள். முதல் மூன்று வருடமும் சரியாக இருக்கிறது என்றே சொன்னார்கள். நாலாம் வருடம் அங்கே புதிதாக வந்திருந்த இளம்பெண் அந்த எண்ணோடு விடவில்லை. கண்ணுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தாள். பார்வை நரம்பு குழிந்திருப்பதுபோல் தெரிகிறது, பக்கப் பார்வையை மெல்லத் தின்னும் குளுக்கோமாவாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அழுத்தம் சரியாக இருந்துமா என்று கேட்டேன். சிலருக்கு அப்படியும் வரும் என்றாள்.

ஆஸ்பத்திரியில் பக்கப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் மெஷின் முன்னால் அண்ணையை உட்கார வைத்தார்கள். இருட்டறை. பெரிய வெள்ளைக் கிண்ணத்தைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தியதுபோல் ஒன்று. அதற்குள் முகத்தை நீட்டி, ஒரு கண்ணை மறைத்து, கையில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்த பெண் செய்யவேண்டியதை மூச்சுவிடாமல் சொன்னாள். நான் வேலையில் அரைநாள் லீவு கேட்டு வந்தவள். பஸ்ஸும் பிந்திவிட்டது. அவள் சொன்னதைச் சுருக்கி அண்ணையிடம் சொன்னேன்.

"உள்ளுக்குச் சின்னச் சின்ன வெளிச்சம் வரும் அண்ணை. எங்க வருது எண்டு பாத்து, வந்த உடன இதை அமத்துங்கோ."

அண்ணை அதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பரீட்சையில் முதலாவதாக வந்த மனிதர். பொத்தான் சத்தம் விடாமல் கேட்டது. வெளியே வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு மூன்றைத்தான் விட்டிருப்பேன் என்றார்.

இந்த முடிவை நம்ப முடியாது, கண் அலைந்திருக்கிறது, ஒரு வருடம் கழித்துத் திரும்ப எடுப்போம் என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லையாம் என்று நான் அண்ணைக்குச் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பெண் வாய் திறக்குமுன்பே, போன முறை மாதிரித்தான் என்று அண்ணையிடம் சொல்லிவிட்டேன். முடிவும் போன முறை மாதிரியே வந்தது.

அதற்குப் பிறகு அண்ணை ரயில் ஸ்டேஷன் படிகளில் ஆட்களோடு மோதத் தொடங்கினார். எப்போதும் இடது பக்கம். குட்மேய்ஸில் ஒருநாள், நிறுத்தி வைத்திருந்த வேனின் கண்ணாடியைக் காரால் இடித்து உடைத்தார். யோசனையோடு ஓட்டுகிறார் என்று நாங்கள் வீட்டில் குறைப்பட்டுக்கொண்டோம்.

மூன்றாம் முறை மெஷின் பக்கத்தில் ஒரு தமிழ்நாட்டு நர்ஸ் நின்றார். நான் வழக்கம்போல் சொல்லத் தொடங்க, இடையில் மறித்தார்.

"அப்படி இல்லீங்க. கண்ணை அசைக்கவே கூடாது. நடுவுல இருக்கிற மஞ்சள் வெளிச்சத்தை மட்டும் பாருங்க. ஓரத்துல மங்கலா ஏதாவது தெரிஞ்சா அமுக்குங்க. நிறைய தெரியாது, அது எல்லாருக்கும் அப்படித்தான். தேடிப் போகாதீங்க."

தேடிப் போகாதீர்கள். முதல் வருடம் மெஷினருகே நின்ற பெண்ணும் இதைத்தான் சொல்லியிருந்தாள். நான் அந்த வரியை விட்டுவிட்டேன். 'பாத்து' என்று சொல்லி, அண்ணையை அந்தக் கிண்ணத்துக்குள் தேட விட்டவள் நான்தான்.

அன்றைக்குப் பொத்தான் சத்தம் அபூர்வமாகவே கேட்டது. வந்த தாளில் இடது கண்ணின் மேல்பாதி கறுப்பாக இருந்தது. கீழேயும் கறுப்பு இறங்கத் தொடங்கியிருந்தது. வலது கண்ணின் தாளில் சிறு கறுப்புக் கீற்று.

இந்த இரண்டு வருடத்தில் போனது எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டேன். பழைய தாள்கள் இரண்டையும் பைலில் இருந்து எடுத்துப் பார்த்தார். இவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, முதல் நாளே போயிருக்கலாம், பிறகும் போயிருக்கலாம் என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. யாருமே ஒருபோதும் சொல்லவில்லை.

கண்ணுக்கு மருந்து விட்டார்கள். அது அண்ணைக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவந்தது. வேறு மருந்து மாற்றினார்கள். பிறகு இடது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். அழுத்தம் நன்றாக இறங்கியது, ஆபரேஷன் சரி என்றார்கள். பார்வை மட்டும் சுருங்கிக்கொண்டே போய், தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கண் இருட்டாகிவிட்டது. கார் ஓட்டுவதை அதற்கு முன்பே விட்டுவிட்டார். வேலையையும் விட்டார்.

ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில், அவர் குசினியில் கதிரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அண்ணை, முதல் ரெண்டு தரமும் நான்தான் பிழையாச் சொன்னனான்."

அவர் மருந்து வழியாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியும். அந்த நர்ஸ் பிள்ளை சொன்ன உடன விளங்கிச்சுது."

"ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன செய்யிறது?" மருந்துக் குப்பியை மூடிக்கொண்டு, "அடுத்த முறை நான் தனியப் போறன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு ஒருமுறையும் என்னைக் கூட வரவிடவில்லை. மெல்லப் பேசுங்கள், எழுதிக் காட்டுங்கள் என்று கேட்கப் பழகிக்கொண்டார். அவருக்கு ஆஸ்பத்திரி நாள் வந்தால் நான் ஆபீஸில் டைப் அடித்தபடி, இந்நேரம் உள்ளே கூப்பிட்டிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டிருப்பேன். பின்னேரம் வந்து, வலது கண் அப்படியே நிற்குது என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவார். வேறு என்ன சொன்னார்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.