இருபத்து மூன்றாம் நாளின் நிகழ்தகவு

கணவர் மஸ்கட்டுக்குப் போன இரண்டாவது வருடம், அஞ்சல் வழியில் புள்ளியியல் படிக்கச் சேர்ந்தேன். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் வாடகை வீடு. குழந்தை இல்லை. காலை ஒன்பது மணிக்குள் தெருவே ரயிலைப் பிடிக்கப் போய்விடும். அதற்குப் பிறகான பகல்களைக் கழிக்கத்தான் படித்தேன். வேலைக்காக என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

இயல்நிலைப் பரவல் பாடத்தில் பல்பின் ஆயுள், மாணவர்களின் உயரம் என்றே கணக்குகள் வந்தன. எனக்கென்று ஒன்று போட்டுப் பார்க்க ஆசை. அவருடைய கடிதங்களை எடுத்து, ஒன்று வந்து அடுத்தது வர எத்தனை நாள் ஆனது என்று எழுதினேன். சராசரி பதினான்கு நாள்; அதிலிருந்து முன்பின் விலகும் அளவு, அதாவது திட்டவிலக்கம், மூன்று. படம் வரைந்தால் நடுவில் உயர்ந்து இருபக்கமும் அழகாகச் சரிந்தது. பதினேழு நாளைத் தாண்ட நூற்றுக்குப் பதினாறு வாய்ப்பு. கடிதம் தாமதமானால் அந்த எண் தைரியம் சொல்லும்.

அந்த ஆடியில் இருபது நாளாகியும் கடிதம் இல்லை. பதினான்கைக் கழித்து மூன்றால் வகுத்தேன்: இரண்டு. அட்டவணையில் அதற்கு நேரே 0.4772. அரையிலிருந்து கழித்தால் நூற்றுக்கு இரண்டு சொச்சம் மிச்சம். இருபத்து மூன்றாம் நாளும் வரவில்லை; அவ்வளவு தாமதமாக ஆயிரத்துக்கு ஒன்று சொச்சம்தான் வாய்ப்பு.

தாம்பரத்தில் எங்கள் படிப்புக்கு நடக்கும் ஞாயிறு வகுப்புக்கு வரும் டைப்பிஸ்ட் பெண்ணிடம் நோட்டைக் காட்டினேன்.

"கணக்கு கரெக்ட்தான் அக்கா. ஆனா அவர் முன்ன மாதிரியே எழுதிட்டிருந்தாத்தானே இது சரி? வளைவே மாறியிருக்கலாம்ல?"

சொன்னபின் அவளுக்கே சங்கடமாகிவிட்டது. தன் எலுமிச்சை சாதத்தில் பாதியை என் டப்பாவில் போட்டாள்.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. காலையில் ஸ்டேஷன் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து பேசினேன்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"லெட்டரே காணோமே."

"எழுத உக்காருவேன். போன தடவை எழுதினதையே எழுதற மாதிரி இருந்துது. விட்டுட்டேன்."

காய்ச்சல், விபத்து, தபால் வேலைநிறுத்தம் எல்லாம் நினைத்து வைத்திருந்தேன். இதை நினைக்கவில்லை.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றேன். உண்மைதான். குழாயில் தண்ணீர் வந்தது, வரவில்லை என்பதைத் தவிர நான் வேறென்ன எழுதினேன்?

இருவரும் போனை வைக்கவில்லை. "என்னமோ படிக்கறியே, அது என்ன?" என்று கேட்டார். வெளியே ஆட்கள் காத்திருக்க, வளைவரையின் கீழே பரப்பு பார்ப்பது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"புரியல. எழுதி அனுப்பு."

படத்தோடு நான்கு பக்கம் எழுதினேன். பதிலில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அந்தக் கோடு கீழே இறங்கிக்கொண்டே போகிறது, ஏன் தரையைத் தொடுவதே இல்லை?

அவர் திரும்பி வர இன்னும் மூன்று வருடமானது. இடையில் எத்தனையோ வாரங்கள் கடிதமில்லாமல் போயின. அப்படி ஒரு வாரத்தில்தான் பரீட்சை முடிவு வந்தது; தேறிவிட்டேன் என்று தெரிந்த அன்று சொல்ல ஆள் தேடினேன். பால் பூத்து அம்மாவிடம் சொன்னேன்.

"பாஸாயிட்டியா! இன்னா படிப்பும்மா அது?" என்று கேட்டபடியே அடுத்தவருக்குப் பால் எடுத்துக் கொடுத்தாள்.