பூனையின் ஈறில் வைத்த உப்பு

பிள்ளைகளா, போனில் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தை இந்த நோட்டில் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

நீங்கள் இருவரும் அம்மாவோடு கோயம்புத்தூருக்குப் போன பிறகு இந்த வீட்டில் மிஞ்சியது நானும் பூனையும்தான். அம்மாவுக்கு அங்கே நர்ஸ் வேலை, எனக்கு இங்கே உப்பளத்தில் மோட்டார் போடுகிற வேலை. அங்குள்ள வீட்டுக்காரர் பூனை கூடாது என்று சொல்லிவிட்டார். பஸ் கிளம்பும்போது பெரியவள் ஜன்னல் வழியாக என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பூனைய பாத்துக்கிடுவீங்கல்லாப்பா?"

தலையை ஆட்டினேன்.

உப்பளத்து வேலை விடியுமுன்னே தொடங்கி மத்தியானத்தில் முடிந்துவிடும். மத்தியானத்துக்குப் பிறகு இந்த வீட்டில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ஆளுக்குச் சோறு வைக்கத் தெரியாமல் தினமும் கூடப் பொங்கிவிடுவேன். டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருப்பேன். பாயில் படுத்தால் பூனை வந்து என் வயிற்றில் ஏறி, முகத்தை என் தாடைப் பக்கம் வைத்துக்கொண்டு தூங்கும். சில நாள் நான் வாய் திறந்து பேசுவது அதனிடம் மட்டும்தான்.

அதன் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் தெருவில் எந்த வீட்டில் மீன் வாடை இல்லை? தினமும் சாளை தின்கிற பூனைக்கு வாய் வேறெப்படி இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு வாரம் காற்று அதிகமாகி வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை. வீட்டில் பருப்பும் முட்டையும்தான். ஆனால் பூனையின் வாடை குறையவில்லை. அழுகிய புண்ணில் வருகிற வாடை அது. அப்போதுதான் மற்றதையும் கவனித்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுகிறது. வாயில் எடுத்த துண்டைக் கீழே போட்டுவிட்டு, அது தன்னைக் கடித்ததுபோல் பின்வாங்குகிறது. தாடையில் எச்சில் வடிந்து மயிர் ஒட்டிக் கிடக்கிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லில் பழுப்பாகக் காரை ஏறியிருந்தது. ஈறு ரத்தச் சிவப்பு.

மறுநாள் உப்பளத்தில், கூட வேலை பார்க்கிற ஆளிடம் சொன்னேன். எங்கள் ஆட்களுக்குப் பல் விளக்குவதும் உப்பில்தான், ஈறு வீங்கினாலும் உப்புதான். பாத்தி வரப்பில் உட்கார்ந்து, குவியலில் ஒரு கல்லை எடுத்து நுணுக்கி விரலால் தேய்த்துக்கொள்வோம்.

"ஏன்வே, இதுக்குப் போயா இப்படி மூஞ்சியத் தொங்கப் போடுதீரு? ரெண்டு நாளு உப்ப வச்சு அமுக்கும். சரியாப் போவும்."

"எரியாதாவே?"

"எரியத்தான் செய்யும். நமக்கு எரியலயா?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, நுணுக்கிய உப்பை ஈறில் வைத்து அழுத்தினேன். பதின்மூன்று வருஷமாக நம் வீட்டில் இருக்கிறது, பெரியவள் பிறப்பதற்கு முன்னமே வந்தது. அப்படி ஒரு சத்தம் அது போட்டு நான் கேட்டதில்லை. கையைக் கீறிவிட்டுப் பாய்ந்து ஓடியது.

நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மறுநாளும் பிடித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு பூனை என் கிட்டே வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. மீனை வைத்தேன், பாலை வைத்தேன். கிட்டே வந்து மோந்து பார்க்கும், பசியில் வாயைத் திறக்கும், பிறகு திரும்பிப் போய்விடும். இரண்டு நாள் ஒன்றும் இறங்கவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டாலே உடம்பை ஒடுக்கிக்கொள்ளும். நான் பாயில் தனியாகப் படுத்திருந்தேன். வயிற்றின்மேல் கனம் இல்லாமல் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் நீங்கள் போன் செய்தீர்கள். "அப்பா, பூனை சாப்பிட்டுட்டா?" என்று சின்னவன் கேட்டான். "சாப்பிட்டுட்டு தூங்குதுடா" என்றேன். அது பொய்.

மறுநாள் காலை உப்பளத்தில் மோட்டார் குழாயின் வாயில் பாசி அடைத்துக்கொண்டது. அதை எடுக்கப் பாத்தியில் இறங்கினேன். அவசரத்தில் பூட்ஸ் போடவில்லை. என் குதிகால் எப்படி வெடித்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் அந்த வெடிப்பில் ஏறியது. நெருப்பை வைத்து அழுத்தினதுபோல் இருந்தது, அப்படியே வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷமாக இந்த எரிச்சல் தெரிந்தவன் நான். அதனால்தானே தினமும் காலில் எண்ணெய் தடவி, பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்? என் காலுக்குக் காட்டிய கரிசனத்தை அதன் வாய்க்குக் காட்டவில்லை.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அப்போதே வீட்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் பூனையைப் பிடிக்க முடியவில்லை. நான் குனிந்தால் அது தொட்டியைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். கடைசியில் எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வந்து உட்கார்ந்து, "வா ஏளா" என்று கையை நீட்டினாள். பூனை அவளிடம் போனது.

"என்னைய கண்டா வருது, உங்கள கண்டா ஓடுது. என்னத்தயா செஞ்சிய?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்கறிக் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டிக் கொடுத்தாள்.

மாட்டாஸ்பத்திரியில் ஆடும் கன்றுமாகக் கூட்டம். வெள்ளாட்டோடு நின்ற ஒரு பெண் என் கூடையை எட்டிப் பார்த்தாள்.

"பூனைக்கு என்ன அண்ணாச்சி?"

"பல்லுவலி."

"பல்லுவலியா! எங்க வீட்டு மனுசன் பல்லுவலின்னு ஒரு மாசமாக் கத்துதாரு, அவரயே நான் எங்கயும் கூட்டிட்டுப் போகல." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் அந்தப் பெண் வரிசையில் என்னை முன்னால் விட்டாள்.

டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார். "ஏதாவது போட்டீங்களா? கிராம்புத் தைலம், மாத்திரை?"

"இல்லம்மா. உப்பு வச்சேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வேர் வரைக்கும் சீழ் இருக்கு. அது மேல உப்பு வச்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு மெதுவாக எடுத்துச் சொன்னார். கிராம்புத் தைலம் பூனைக்கு ஆகாது. நாம் காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரையில் ஒன்று கொடுத்தாலே உயிர் போய்விடும். வயசான பூனைக்குக் கிட்னி கெட்டாலும் வாய் நாறும். அதனால் முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். பிறகு மயக்க மருந்து கொடுத்து, கெட்ட பல்லை எல்லாம் எடுக்கவேண்டும்.

"இந்த வயசுல மயக்க மருந்து தாங்குமாம்மா?"

"தாங்கும்னுதான் நினைக்கேன். உறுதியா சொல்ல முடியாது. ஆனா இப்படியே விட்டா சாப்பிடாமலே செத்துப்போகும்."

இந்தக் காரை படிய ஒரு வருஷமாவது ஆகியிருக்கும் என்றும் சொன்னார். ஒரு வருஷம் என்றால் நீங்கள் எல்லோரும் வீட்டில் இருந்தபோதே அதற்கு வலித்திருக்கிறது. நம் நாலு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் கிட்னி பரவாயில்லை என்று வந்தது. மறுநாள் காலை பூனையை உள்ளே எடுத்துப் போனார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது போன் செய்யலாம் என்று எடுத்தேன். உங்களுக்குச் செய்தால் அழுவீர்கள், அம்மா டியூட்டியில் இருப்பாள். போனைப் பையில் வைத்துவிட்டேன். செத்துப்போனால் பெரியவளிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழு பல் எடுத்திருந்தார்கள். பூனை நாக்கை வெளியே போட்டுக் கிடந்தது, ஆனால் வயிறு ஏறி இறங்கியது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து, சாளையை வேகவைத்து, முள் ஒன்று விடாமல் எடுத்து, வெந்நீர் விட்டுக் கூழாகப் பிசைந்து இளஞ்சூட்டில் வைத்தேன். சூடாக இருந்தால் வாசனை பிடித்துச் சாப்பிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வைத்துவிட்டு நான் அறைக்குள் போய்விட்டேன். நான் நின்றால் அது வராது. அன்று தொடவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் புதிதாகப் பிசைந்து வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நக்குகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. தட்டு தரையில் நகர்கிற வரைக்கும் நக்கியது.

அப்போதுதான் உங்களுக்குப் போன் போட்டு, பல் எடுத்ததைச் சொன்னேன். உப்பு வைத்ததைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இப்போது அது நன்றாகச் சாப்பிடுகிறது, வாடையும் இல்லை. எதிர் வீட்டு அக்காதான் மருந்து ஊற்றிவிட்டாள். பூனை நான் இருக்கும் அறைக்கு வருகிறது, ஆனால் வாசலோடு உட்கார்ந்துகொள்கிறது. மடிக்கு வருவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை. அரைப் பரீட்சை லீவுக்கு வரும்போது அது உங்களிடம் ஓடி வரும். தூக்குங்கள், கொஞ்சுங்கள், முகத்தை மட்டும் பிடிக்காதீர்கள். அப்பாவிடம் ஏன் வரமாட்டேங்குது என்று கேட்பீர்கள். இந்த நோட்டை எடுத்துக் கையில் கொடுப்பேன்.